வடக்குக் கம்பத்தடியில் மாவிஸ்

கல்லூரித் தலைவர் டாக்டர் பீஸ்லி மேஜைமேல் வரைபடத்தை விரித்து, மைதானத்தின் வடக்கு ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"பொக்லைன் மொதல்ல இங்கதான் எறங்கும்" என்றார்.

வெண்டல் ஹோல்ப் தன் காப்பிக் கோப்பையை அந்த வட்டத்தின்மேல் வைத்து மறைத்தார். அந்த வட்டத்துக்குள்தான் அவர் மனைவி மாவிஸ் இருந்தாள்.

இருந்தாள் என்றால், சாம்பலாக. போன வசந்தத்தில், பாப்கார்ன் டப்பாவின் அடியில் அவளை வைத்து, மேலே கொஞ்சம் பாப்கார்னைப் பரப்பி, காவலாளியின் மூக்குக்கு நேராக வெண்டல் உள்ளே கொண்டுபோனார். "கீழ சிந்தாதீங்க" என்றான் காவலாளி. "சிந்த மாட்டேன்" என்றார் வெண்டல். தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்போல வடக்கு கோல் கம்பத்தடியில் மண்டியிட்டு, புல்லை விலக்கி, முப்பது வருட இல்லறத்தை மண்ணுக்குள் வைத்துவிட்டு, மூக்கில் இருந்த கண்ணாடியையே கண்டுபிடித்தவராக எழுந்து வந்தார். கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. மாவிஸ் கேட்டிருந்தாள், அவ்வளவுதான்.

"ஆட்டம் முடிஞ்சு பசங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வடக்கு வாசல் வழியாத்தானே போறாங்க. யாராவது ஒருத்தர் அங்க இருக்கணும் வெண்டல்" என்பாள். உயிரோடிருந்தவரை அந்த மூலையில்தான் உட்காருவாள். கடைசிப் பையன் உள்ளே போகும்வரை கைதட்டுவாள்.

தலையைத் தொங்கப் போடாத சனிக்கிழமை எங்கள் கிளியர் ஃபோர்க் கல்லூரிப் பையன்களுக்கு வாய்த்ததே இல்லை. நெப்ராஸ்காவில் மழை பொய்க்கலாம், சோளம் பொய்க்கலாம், எங்கள் தோல்வி பொய்த்ததில்லை. எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் பெயர் புல்வெளிக் கோழிகள். பந்தும் முட்டை வடிவில் இருக்கிறது அல்லவா? எங்கள் பையன்கள் அதன்மேல் கவிழ்ந்து படுத்து அடைகாப்பார்களே தவிர, எடுத்துக்கொண்டு ஓடமாட்டார்கள். கடைசியாக நாங்கள் ஜெயித்தபோது பிறந்த குழந்தை இப்போது பல்செட் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட அணிக்குத்தான் ஸ்டேடியத்தைப் பெரிதாக்கலாமா என்று கமிட்டி கூடியிருந்தது. தலைவர் பீஸ்லி கடற்கரை மாநிலத்திலிருந்து புதிதாக வந்தவர். பயிற்சியாளர் ராஸ்முசன் பரம்பரைக் கிளியர் ஃபோர்க். முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் காப்பி ஊற்ற ஐரீன் நோவாக். சீட்டு விற்கும் அலுவலகத்தின் பொறுப்பாளர் என்பதால் வெண்டல்.

"வெண்டல், போன வருஷம் எத்தனை சீட்டு விக்காம நின்னுச்சு?"

"ஒண்ணும் நிக்கல, டாக்டர்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் நிக்கல."

"பாத்தீங்களா! தோக்கும்போதே இப்படின்னா, ஜெயிச்சா? வடக்குல ரெண்டடுக்கு கேலரி கட்டுறோம். ஊர்க்கூட்டத்துல கைதூக்கச் சொல்லி முடிச்சுடலாம்."

வெண்டல் ஏதாவது சொல்லியாக வேண்டும். "பாத்திரத்தைப் பெரிசாக்கினா பசு கூடப் பால் கறக்குமா, டாக்டர்? நம்ம டீம் இந்த ஜென்மத்துல ஜெயிக்காது. அடுத்த ஜென்மத்துலயும் சந்தேகம்தான்."

ராஸ்முசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் அறையில் வெளிச்சம் குறையும். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"கோச், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேணாம். பசங்ககிட்ட நானே சொல்லிக்கறேன், வெண்டல் இப்படிச் சொன்னாருன்னு."

சொன்னார். அதோடு நிற்காமல் உடைமாற்றும் அறைச் சுவரில் வெண்டலின் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் வெண்டலின் படத்தையும் ஒட்டிவைத்தார். பையன்கள் அந்தப் படத்தைப் பார்த்து உறுமிவிட்டுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார்கள். நோஞ்சான்களெல்லாம் லாரி டயரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கோழிகள் வெறிகொண்டுவிட்டன என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

வெண்டல் பயந்துபோனார். ஜெயித்துத் தொலைத்துவிட்டால்? இரண்டாவது வழியை யோசித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவகைச் சிறிய ஆந்தை உண்டு. மரத்தில் இராது, தரையில் வளைக்குள் குடும்பம் நடத்தும். அது குடியிருக்கும் இடத்தைத் தோண்டினால் அரசாங்கம் சும்மா விடாது. வெண்டல் பொழுது விடியும் நேரத்தில் தோட்டக் கரண்டியோடு போய், மாவிஸுக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு வளைகள் தோண்டி, வளை வாயில் நான்கு இறகுகளையும் தூவினார்.

"கோவிச்சுக்காதே மாவிஸ், பக்கத்துல ஆந்தை குடிவந்திருக்குன்னு வெச்சுக்க" என்று மண்ணிடம் சொல்லிவிட்டு, வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

அதிகாரி வந்தார். குனிந்தார். இறகை எடுத்து முகர்ந்தார்.

"இது கோழி இறகு."

"நம்ம டீமே கோழிதானே, சார்" என்றார் வெண்டல், ஒரு கடைசி முயற்சியாக.

அதிகாரி சிரிக்காமல் போய்விட்டார். ஆனால் அதற்குள் சேதி பறவை பார்க்கிறவர்களுக்குப் போய்விட்டது. ஆந்தை இல்லை என்று அதிகாரி சொன்னதும், "பாத்தீங்களா, மறைக்கறாங்க! அப்ப அது ரொம்ப அபூர்வமான ஜாதி!" என்று முடிவு கட்டினார்கள். கான்சஸிலிருந்து வந்தார்கள். அயோவாவிலிருந்து வந்தார்கள். பீரங்கி அளவு கேமராக்களும், ஏகப்பட்ட பைகள் வைத்த பச்சைச் சட்டைகளுமாக ஊரே பச்சையாகிவிட்டது. இல்லாத ஆந்தையை ஒருவர் படம் வரைந்தார். ஒருவர் அதன் குரலைப் பதிவே செய்துவிட்டார். நான் கேட்டேன், கதவு எண்ணெய் போடாமல் கிறீச்சிடுவதுபோல அபாரமாக இருந்தது.

வருடத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு உட்கார மட்டுமல்ல, நிற்கவும் இடமில்லை. சீட்டு ஜன்னலுக்கு முன்னால் வரிசை தேவாலயத்தைச் சுற்றிவந்து தன் வாலையே கடித்தது.

பீஸ்லி வெண்டலின் தோளைத் தட்டினார். "நீங்க வேணாம்னீங்க. ஆனா உங்க ஆந்தை வேணுங்குதே!"

ஆட்டம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், கேட்காவிட்டாலும் சொல்வேன். முடிய ஒரு மூச்சு நேரம் இருக்கும்போது எங்களுக்கு இரண்டு புள்ளி அதிகம் இருந்தது. அதுவே உலக அதிசயம். எதிரணியின் எருமைக்கடா ஒருவன் பந்தைக் கட்டிக்கொண்டு வடக்குக் கம்பத்தை நோக்கி வந்தான். அவனைத் தடுக்க ஆளில்லை. வெண்டல் கைகூப்பி, "ஓடுப்பா, ஓடு, நல்லா இருப்பே" என்று எதிராளிக்காகப் பிரார்த்தித்தார்.

அப்போது பறவைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து, ஒரே குரலில், "ஷ்ஷ்ஷ்! ஆந்தை! மிதிச்சுடாதே!" என்றார்கள்.

எருமைக்கடா நல்ல குடும்பத்துப் பையன் போலிருக்கிறது. நின்று, கீழே பார்த்தான். அந்த நேரம் எங்கள் நோஞ்சான் ஒருவன் அவன் கக்கத்திலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து அதன்மேல் கவிழ்ந்து படுத்தான். மணி அடித்தது. கோழி கடைசியில் சரியான முட்டையை அடைகாத்துவிட்டது.

எங்கள் ஊர்களில் ஜெயித்தால் ஒரு வழக்கம் உண்டு. மாணவர்கள் மைதானத்தில் பாய்ந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாகக் கொண்டுபோய் ஓடையில் போடுவார்கள். எங்கள் பையன்களுக்கு அந்த வழக்கம் கேள்விஞானம்தான். அதனால் அளவு தெரியவில்லை. வடக்குக் கம்பத்தை ஆட்டோ ஆட்டென்று ஆட்டி, வேரோடும் மண்ணோடும் பெயர்க்க ஆரம்பித்தார்கள்.

வெண்டல் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. கூட்டத்துக்குள் புகுந்து கம்பத்தடியில் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அணைத்துக்கொண்டார்.

"விடுங்கடா! இங்க வேணாம்டா! அந்தப் பக்கத்துக் கம்பத்தைப் புடுங்குங்கடா!"

"டேய், நம்ம வெண்டல்டா! சந்தோஷத்துல மண்ணுக்கு முத்தம் குடுக்கறாருடா! தூக்குங்கடா அவரையும்!"

தூக்கினார்கள். கம்பம் முன்னால், வெண்டல் பின்னால். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே போனார். ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான் வந்தது. கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டிருந்தார்கள்.

ஓடைக்கரையில் நனைந்த கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஐரீன் நோவாக் பிளாஸ்கை நீட்டினாள்.

"ஏன் அழறே?"

"சந்தோஷம்."

"பொய் சொல்லாதே. சந்தோஷத்துல மூக்கு இப்படிச் செவக்காது. என் புருஷன் எர்னி போனதுலேர்ந்து எனக்கு இந்த மூக்கு நல்லாத் தெரியும்."

வெண்டல் வாயைத் திறந்தார். சொல்லியிருப்பார். அதற்குள் பீஸ்லி வந்துவிட்டார்.

"வெண்டல்! கம்பத்தை அவங்களே எடுத்துட்டாங்க, நமக்கு வேலை மிச்சம். கூட்டத்துல கைதூக்குறது வெறும் சம்பிரதாயம். மறுநாளே பொக்லைன் வந்துடும்."

ஊர்க்கூட்டம் கல்லூரி உடற்பயிற்சிக்கூடத்தில் நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ஐரீன் பெரிய கெட்டிலோடு வரிசை வரிசையாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். பீஸ்லி திரையில் படம் காட்டினார். புதுக் கேலரி, மேகத்தைத் தொட்டது. ஒருவரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரார் எதற்கும் சட்டென்று கைதட்டமாட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

"ஓட்டுக்கு விடறதுக்கு முன்னால யாராவது பேசணுமா?"

வெண்டல் எழுந்தார். தொப்பியைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார்.

"ஆந்தை இல்ல. அது நான் தோண்டின வளை. இறகு எங்க வீட்டுக் கோழியோடது" என்றார்.

பின்வரிசையில் பறவைக்காரர் ஒருவர், "அப்ப அந்தக் குரல்?" என்றார். அவரை உட்கார வைத்தார்கள்.

"அங்க இருக்கறது மாவிஸ். நான்தான் வெச்சேன். தப்புதான், டாக்டர். வேலைய விட்டு அனுப்பிடுங்க, பரவால்ல. அவளை மட்டும் தோண்டாதீங்க. வீட்ல அவ நாற்காலியப் பாத்தா எனக்குச் சாப்பாடு எறங்கல. சனிக்கிழமை இங்க வந்து அந்த மூலையில உக்காந்தாத்தான் பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் சேதி சொல்லுவேன். தோத்துட்டோம் மாவிஸ்னு. வாராவாரம் அதே சேதிதான். ஆனாலும் சொல்லுவேன்."

கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பிடித்தார்.

"அன்னிக்கு ஜெயிச்சோம். அவ உயிரோட இருந்து ஒருநாளும் பாக்காதது. அதை அவகிட்டச் சொல்லத்தான் ஓடினேன்னு வெச்சுக்கங்க. சொல்றதுக்குள்ள என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

ராஸ்முசன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சோளக்காட்டு ஆட்கள் தங்கள் பூட்ஸுகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள்போலக் குனிந்திருந்தார்கள். யாரும் வெண்டலைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

பீஸ்லி கெட்டவரில்லை. மேடையிலிருந்து இறங்கிவந்து வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, வெண்டல். வேலையப் பத்திப் பேச்சே இல்ல. அந்த ஒரு பிடி மண்ணை மரியாதையா எடுத்து, நல்ல எடத்துல ஒரு மரம் வெச்சு, அதுக்கடியில மாவிஸை வெச்சுடலாம். நானே கூட நிக்கறேன். ஆனா ஒருத்தருக்காக ஊர் ஆசைய நிறுத்த முடியாதில்லையா? இவ்வளவு தோத்தும் வருஷா வருஷம் ஒரு சீட்டு மிச்சமில்லாம வாங்குறாங்கன்னா, இந்த ஜனங்களுக்கு இந்த ஆட்டத்து மேல எவ்வளவு உசிரு இருக்கணும்!"

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?"

ஐரீன் நோவாக் கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

"என் எர்னி மைதானத்துல நாப்பதாம் கெஜக் கோட்டுக்கடியில இருக்காரு, கண்ணு; தோக்குற டீமுக்கு இந்த ஊரே சீட்டு வாங்கிட்டு வர்றது பின்ன யாரைப் பாக்கன்னு நெனச்சீங்க?"