கேரியர் இல்லாத வரையாடு

ஈஸ்டர் முடிந்த மறுநாள் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் என் முதுகுக்குப் பின்னால் எதையும் ஏற்ற மாட்டேன்! ஆள், அரிசி, தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டின கோழி, எதுவும் கிடையாது.

சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்க நான் என்ன பிரம்மச்சாரியா?

என் பெயர் சூசைமுத்து. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். ஆசிட் பாட்டிலை அசராமல் தூக்குகிற ஆள். ஆனால் என் சம்சாரம் இஞ்ஞாசியம்மாள் அடுப்படியிலிருந்து "ஏங்க" என்றால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவளுக்குத் தாடிக்கொம்பில் ஒரு தங்கச்சி, பேர் பிலோமி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தத் தங்கச்சியைப் போய்ப் பார்க்காவிட்டால் இவளுக்குப் பூசை கண்ட திருப்தியே வராது. போகும்போது ஸ்கூட்டரில் பின்னால் இவள். வரும்போது பின்னால் இவள், முன்னால் மூட்டை, நடுவில் நசுங்கிப்போய் நான்.

எனக்கும் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது, ஐயா! நானும் என் கூட்டாளி நைனா முகமதுவும் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு கன்னிவாடிக்கு விட்டோம் என்றால், ரோட்டோரப் புளியமரமெல்லாம் எங்களுக்காகவே நட்டு வைத்த மாதிரி இருக்கும். தூரத்தில் மலை தெரியும். மிதிக்க மிதிக்க அது பெரிசாகிக்கொண்டே வரும். அடிவாரத்தில் யாரோ ஒருத்தர் தோட்டத்துப் பம்புசெட்டில் குதித்து, கண் சிவக்கக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கொய்யாப்பழம் தின்போம். திரும்பும்போது எதிர்க்காற்று ஆளைத் தள்ளும். அதற்கும் சிரிப்போம்.

நான் சபதம் எடுத்த அந்தச் சமயத்தில்தான் மகள் ஷைனிக்கு வேடசந்தூர் மில் ஆபீசில் வேலை கிடைத்தது. ஸ்கூட்டர் அவள் கைக்குப் போனது. எனக்கு வண்டி இல்லை. அதே வாரம் 'வரையாடு' என்ற சைக்கிள் கம்பெனி புதிதாக ஒரு மலைச் சைக்கிள் விட்டது. ஹார்ட்டெயில் மாடல். அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் அப்சார்பர். பின்னால் ஒன்றும் கிடையாது, விறைப்பான வெறும் கம்பிதான். மட்கார்டு இல்லை. ஸ்டாண்டு இல்லை. மணி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேரியர் இல்லை!

செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்து முத்தம் கொடுக்காத குறைதான்.

ஆனால் இஞ்ஞாசி ஒரு தேங்காய்த் துருவி வாங்குவதென்றாலும் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்பாள். அதனால் அபிப்பிராயம் சொல்கிறவர்களை நானே முன்கூட்டி ஏற்பாடு செய்தேன். ஒன்று, மாடியில் குடியிருக்கும் பவித்ரா. இன்னொன்று, இப்போது வெங்காய மண்டி வைத்திருக்கும் நைனா முகமது. என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பாடம் நடத்திவிட்டு, ஒரு சாயங்காலம் படத்தை இஞ்ஞாசியிடம் நீட்டினேன்.

"பேரென்னங்க இதுக்கு?"

"வரையாடு."

"ஒரு ஆட்டுக்கு இம்புட்டு வெலையா? இந்தக் காசுக்கு நெசமான ஆட்டையே வாங்கிப் பிரியாணி போட்டா தெருவே சாப்பிடும்."

"இது மலை ஏறும்டி!"

"நம்ம வீட்டுக்கும் ஒங்க பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல எந்த மலைங்க இருக்கு?"

"மேம்பாலம் இருக்குல்ல?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "முன்னாடி ஸ்பிரிங் இருக்கு, பின்னாடி இல்லையே? கம்பெனிக்காரன் காசு பத்தாம பாதியில விட்டுட்டானா?"

"அதுதான் ஹார்ட்டெயில். மிதிக்கிற மிதி சிந்தாம சிதறாமப் பின்சக்கரத்துக்குப் போகும்."

"மட்கார்டு இல்லாம மழையில போனா சேறும் சிந்தாம சிதறாம சட்டைக்கு வரும். தொவைக்கிறது யாரு?"

நல்லவேளை, சரியான நேரத்தில் பவித்ரா இறங்கி வந்தாள். "அக்கா, யோசிக்காம வாங்குங்க. இத ஓட்டுனா தொந்தி கரையும்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்று பாடத்தை ஒப்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஸ்டாண்டு இல்லையே அண்ணே, எங்க நிப்பாட்டுவீங்க?"

"செவத்துல சாத்த வேண்டியதுதான்."

"இப்பத்தானங்க வெள்ளையடிச்சோம்!" என்றாள் இஞ்ஞாசி.

அடுத்து நைனா வந்தான். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "தங்கச்சி, வண்டின்னா அதுதான் வண்டி! ஒண்ணே ஒண்ணு. கேரியர் மட்டும் மாட்டிறக் கூடாது. மாட்டுனா கம்பி ரெண்டாப் பொளந்துரும்."

சபாஷ் என்று நான் கண்ணடித்தேன். அதுதான் தப்பு. பாவி, உற்சாகமாகிவிட்டான்.

"இனி ஞாயித்துக்கெழமைன்னா நமக்குக் கன்னிவாடிதான் மாப்ள! அந்தப் பம்புசெட்டு இன்னும் ஓடுதாம்லப்பா!"

நான் இருமினேன். இன்னும் பலமாக இருமினேன்.

"தண்ணி குடு தங்கச்சி. சந்தோசத்துல மாப்ளைக்குப் பொறை ஏறிருச்சு."

இஞ்ஞாசி செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, நைனாவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "ஞாயித்துக்கெழமையாண்ணே?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்!"

இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவள் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. வாங்கிருங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் ஒரே பேச்சில் சம்மதித்தது எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த நேரம் என் மண்டைக்குள் பம்புசெட்டுத் தண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் வரையாடு வீட்டுக்கு வந்தது. தெருவுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது. பழைய சூசை திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு அழுகையே வந்தது.

எங்கள் ஆட்கள் புது வண்டி வாங்கினால் ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் ரோட்டில் இறக்க மாட்டார்கள். "நானும் ஷைனியும் பூ சுத்தி, இப்பவே கோயில்ல கொண்டுபோய் விட்டுர்றோம். காலையில பூசை முடிஞ்சதும் மந்திரிச்சிரலாம். நீங்க செத்த நேரம் படுங்க" என்றாள் இஞ்ஞாசி. என் வண்டிமேல் இவளுக்கும் இவ்வளவு பாசமா! நெகிழ்ந்துபோய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகும்போதே, மேம்பாலத்தடியில் வந்து காத்திருக்கச் சொல்லி நைனாவுக்கு ரகசியமாகப் போன் போட்டேன். வண்டி கோயில் வாசலில் நின்றது. சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அத்தனை செவ்வந்தி. ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சுற்றி நின்ற சனம் "ஆமென்" என்றது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நான்தான்.

இஞ்ஞாசி பூவை உருவினாள்.

முன்னால் கூடை. நடுவில் ஸ்டாண்டு. மட்கார்டு, மணி. பின்னால், பால்காரர் வண்டிக்கு மாட்டுகிற தடிமனில், ஒரு கேரியர்!

"என்னடி இது?" என்று கேரியரைப் பிடித்து ஆட்டினேன்.

"கடைக்காரரு சொன்னாருங்க. பின்னாடியும் ஸ்பிரிங் இருந்தாத்தான் கேரியர் சரியா நிக்காதாம். இதுல கம்பி வெறைப்பா இருக்கா, கும்முனு ஒக்காந்துருச்சு. நல்லவேளை, பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

ஆக, நான் ஆசைப்பட்டு வாங்கின ஹார்ட்டெயிலே எனக்கு எமனாகிவிட்டது.

"நாளைக்கே கழட்டுறேன் பாரு."

"மந்திரிச்சதையா?" என்றாள் உரக்க. சனம் மொத்தமும் திரும்பியது. அறுந்த செபமாலையைக்கூட மந்திரித்தது என்பதற்காகக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துகிற சனம் அது. "ஃபாதர், இவுக மந்திரிச்ச வண்டியக் கழட்டப் போறாகளாம். கழட்டலாமா ஃபாதர்?"

ஃபாதர் சிரித்தார். "எதுக்கு சூசை கழட்டணும்? இருக்கட்டுமே. அம்மாவ ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

தலையில் தெளித்த தீர்த்தம் காயும் முன்னே ஃபாதரை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. இஞ்ஞாசி சேலையைச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

"தாடிக்கொம்புக்கு விடுங்க."

மேம்பாலத்தடியில் தன் பழைய சைக்கிளோடு நின்ற நைனா என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். பின்னால் இருப்பது யார் என்று தெரிந்ததும் அதே கையால் ஒரு சலாம் வைத்துவிட்டு, கன்னிவாடிப் பக்கம் தனியாகத் திரும்பிவிட்டான். எனக்கு நெஞ்சே உடைந்தது.

ஆனால் ஊர் எல்லை தாண்டியதும் ஒன்று நடந்தது. இஞ்ஞாசி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான புதுசில் எங்களுக்கு ஒரு சைக்கிள்தான் சொத்து. எங்கே போனாலும் கேரியரில் இவள். முதலில் சீட்டுக் கம்பியைத்தான் பிடிப்பாள். வீடெல்லாம் தாண்டி ஆளில்லாத ரோடு வந்தபிறகுதான் கை இடுப்புக்கு வரும். பேசுகிறதெல்லாம் என் முதுகோடுதான். அப்போது இவள் ஏறினதே தெரியாது. இறங்கினால்தான் தெரியும், முதுகு சில்லென்று ஆகிவிடும். ஸ்கூட்டர் வந்த பிறகு எங்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு பை இருந்தது.

அடடா, இதற்காகத்தான் கேரியர் மாட்டினாளா! கன்னிவாடி எங்கே ஓடிவிடப் போகிறது? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேரியர் ஆடுதாங்க?" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஆடலடி."

"அந்தப் பள்ளத்துல ஏத்தி எறக்குங்க, பாப்போம்."

விளையாட்டுப் பிள்ளை மாதிரி கேட்கிறாள்! நான் ஏற்றி இறக்கினேன். வரையாடு ஒரு குதி குதித்தது. இவள் சிரித்தாள். அதே பழைய சிரிப்பு. மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது. ஒன்றையும் நான் சட்டை பண்ணவில்லை.

"இஞ்ஞாசி, இனி ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்படியே போவமாடி?"

"நான் எதுக்குங்க இதுல வரணும்? ஞாயித்துக்கெழமை ஷைனிக்கு லீவுதான, நாங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல போயிருவோம். பிலோமி வீட்ல நெல்லு அரைச்சாச்சு, அடுத்த வாரம் நீங்க பின்னாலயே வாங்க. நான் ஏறுனதையே தாங்குது, ஒரு மூட்டை அரிசியத் தாங்காதா?"