ஒரு சொட்டு டிஞ்சர்

மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்தால் போதும். இலையில் விழுந்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. விழுந்தது இன்னதென்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் இன்னொரு வகை.

இந்த இரண்டாவது இனத்துக்குச் சத்துக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் கண்ணுக்கு இட்லி தெரிகிற இடத்தில் அவருக்கு மாவுச்சத்து தெரியும். உங்களுக்குப் பருப்பு தெரிகிற இடத்தில் அவருக்குப் புரதம் தெரியும். சொந்த மாமியார் எதிரே வந்து நின்றால்கூட, புரதமும் கொழுப்பும் அளவாகக் கலந்த மூட்டை ஒன்று வெற்றிலை மென்றுகொண்டு நலம் விசாரிப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். இது பிறவிக் குணமா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரே ஒரு சொற்பொழிவு கேட்டால் போதும், யாருக்கும் வந்துவிடும்.

குமாரபாளையத்தில் நான்கு தறி போட்டு வேட்டி நெய்து விற்ற அருணகிரிக்கு அது முப்பத்தேழாம் வருஷம் சேலத்தில் வந்தது. நூல் வாங்கப் போனவர், கடை திறக்க நேரமாகும் என்றதால் பக்கத்து மைதானத்தில் நடந்த ஆரோக்கியக் கண்காட்சிக்குள் நுழைந்தார். அங்கே கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் விளக்குப் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். உயிருள்ளவை எல்லாம் நீளநீளமான சங்கிலிகளால் ஆனவையாம். அரிசி மாவு என்பது கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைக் கண்ணிகளைக் கோத்த சங்கிலி. பருத்தி நூலும் அதே சர்க்கரைக் கண்ணிதான், கோத்த விதம் மட்டும் வேறு. தசையும் முடியும் நகமும் வேறு கண்ணி, வேறு சங்கிலி. கடைசியில் டாக்டர் ஓர் உருளைக்கிழங்குத் துண்டின்மேல், காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் அயோடினில் ஒரு சொட்டு விட்டார். துண்டு கருநீலமாகியது. மாவு இருக்கிற இடத்தை அந்தச் சொட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. அருணகிரி கலையவில்லை. நூல் வாங்கப் போனவர் டிஞ்சர் புட்டியோடு ஊர் திரும்பினார்.

அன்றிலிருந்து அந்தப் புட்டி அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. காப்பிக்கடைப் பாலில் ஒரு சொட்டு, சந்தையில் விற்கிற வெண்ணெயில் ஒரு சொட்டு, சும்மா போன பக்கத்து வீட்டுக் குழந்தையின் முகப் பவுடரில் ஒரு சொட்டு என்று ஊரில் வெள்ளையாக இருந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. குழந்தை நீலக் கன்னத்தோடு வீடு போய்ச் சேர்ந்த அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதுவதற்கில்லை. வீட்டில் ஒவ்வொரு கவளத்தையும் நாற்பது தரம் மெல்ல வேண்டும் என்பது சட்டம். மாவுச் சங்கிலி வாயிலேயே அறுந்து சர்க்கரையாக வேண்டுமாம். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும்.

"ஏனுங்க, சோறுங்கறது சோறுதானுங்க" என்று மனைவி பாவாயி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்படி நெனச்சுத்தான் பாவாயி, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் செத்துப் போனாங்க" என்றார் அருணகிரி. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? யாராலும் முடியாது. சத்துக்காரரின் பலமே அதுதான்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், அவருக்குக் கல்யாண வயதில் ராசம்மாள் என்றொரு மகள் இல்லாமல் இருந்திருந்தால். முதலில் சங்ககிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அருணகிரி மாப்பிள்ளையின் புஜத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, புரதம் பத்தாது என்று சபையில் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். பிறகு திருச்செங்கோட்டிலிருந்து வந்தார்கள். அருணகிரி மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மெல்லுவதை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பெரியப்பாவுக்குப் பல்லே கிடையாது. அந்தச் சம்பந்தம் ரசம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டது.

மூன்றாவதாக, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியிலிருந்து தகவல் வந்தது. தயிர் வியாபாரம் செய்யும் செல்லமுத்துவின் மகன். ராசம்மாள் அவனைக் கூடுதுறைக் கோயிலில் ஒருமுறை பார்த்திருந்தாள். பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் அவள் சொன்னது வேறு.

"இதுவும் போச்சுன்னா நான் கடைசி வரைக்கும் இந்த ஊட்டுலயே இருந்துக்கறனுங்கப்பா. நீங்க பேசறதக் கேக்கவும் ஒரு ஆள் வேணுமல்லங்க."

மகள் என்றால் அருணகிரிக்கு உயிர். உடனே புட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, வாயைத் திறப்பதில்லை என்று பாவாயியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். உண்மையாகத்தான் செய்தார். ஆனால் மாட்டுவண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வேறொரு யோசனை வந்தது. வருகிற விருந்தாளிகளில் யாருக்காவது காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது? டிஞ்சர் என்பது அடிப்படையில் மருந்தல்லவா? புட்டி மறுபடி பைக்குள் இறங்கியது.

செல்லமுத்து அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேச அவர் மனைவி அங்காளம்மாள் இருந்தாள். அவள் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு பெரிய தயிர்ப்பானையைப் பாவாயியின் கையில் கொடுத்து, "எங்கூட்டு எருமைத் தயிருங்க. தண்ணின்னு ஒரு சொட்டு சேர மாட்டமுங்க. கத்தி வெச்சு அறுத்துக்கலாம்" என்றாள்.

அருணகிரியும் சளைக்கவில்லை. தன் தறியில் நெய்த புது வேட்டியைத் தட்டில் வைத்துச் சம்பந்தியிடம் நீட்டினார். "கையில தூக்கிப் பாருங்க சம்மந்தி, என்ன கனம். சுத்த நூலுங்க. நூலத் தவர ஒன்னுமே இல்லீங்க." செல்லமுத்து தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். பாவாயி ஏனோ கூரையைப் பார்த்தாள்.

எல்லாம் சரியாகவே நடந்தது. பருப்பு வந்தது, அருணகிரி பேசவில்லை. ரசம் வந்தது, பேசவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நாற்பது தரம் மென்றார். இலை எடுத்ததும் உப்புச் சர்க்கரை மாற்றிவிடுவது என்று ஏற்பாடு. அது மாற்றியாகிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அப்போது தயிர் வந்தது. இலையில் விழுந்த தயிர் ஓடவில்லை, சரியவில்லை, கட்டியாக நின்றது. தயிர் இப்படி நிற்குமா? நிற்கவே நிற்காது. மகள் முகம் அவர் மனதில் வந்தது. சத்தியம் வந்தது. கைதான் கேட்கவில்லை.

ஒரு சொட்டு விழுந்தது. தயிர் நீலமாகியது.

"மாவு" என்றார் அருணகிரி, பிறவிப் பயன் அடைந்தவராக. "பால்ல இந்தச் சங்கிலி கெடையாதுங்க. இது அரிசி மாவுங்க."

பந்தி அப்படியே நின்றது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கரண்டி கீழே விழுந்தது. செல்லமுத்து இலையை மூடினார். பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்காளம்மாள் மட்டும் அசையவில்லை.

"இது மாவுல பட்டாத்தான் நீலமாகுமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க அம்மணி."

"நூல்ல பட்டா?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் சத்துக்காரருக்குக் கல்யாணமாவது, கருமாதியாவது? அருணகிரியின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க. நூலும் சர்க்கரைக் கண்ணிதானுங்க, ஆனா கோத்திருக்கற விதம் வேற. அதனால நூல் நீலமாவே ஆகாதுங்க."

"அப்படிங்களா. அதக் கொஞ்சம் இப்படிக் குடுங்க" என்றாள் அங்காளம்மாள். அவரும் கொடுத்தார். ஆசையாகவே கொடுத்தார்.

அவள் தட்டிலிருந்த புது வேட்டியைப் பிரித்து, நடுவில் ஒரு சொட்டு விட்டாள். உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் பரவியது. கரையோரம் ஒன்று விட்டாள். அங்கேயும் அதுவே. தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்கு மாவுக் கஞ்சி போடுவது எல்லாத் தறிக்காரரும் செய்கிற காரியம்தான். அருணகிரி வேட்டி கனமாக இருக்கட்டும் என்று அதற்கு மேலும் போடுவார். எல்லாவற்றிலும் சொட்டு விட்ட மனிதர், ஒரு வருஷமாகத் தன் வேட்டியில் விட்டுப் பார்க்கவே இல்லை. நினைப்பே வரவில்லை.

செல்லமுத்து அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எங்க தயிர்ல ரெண்டு கரண்டி மாவுங்க சம்மந்தி. உங்க வேட்டியில எத்தனைங்க?"

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். "பாவுக்கு மூணு படிங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். ராசம்மாள்தான்.

"இந்தப் பக்கமும் மாவு, அந்தப் பக்கமும் மாவு" என்றாள் அங்காளம்மாள். "இதுக்கு மேல என்னங்க பொருத்தம் பாக்கறது? உப்புச் சக்கரையக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். சர்க்கரைத் தட்டைப் பார்த்ததும் அருணகிரியின் உதடு துடித்தது. பாவாயி பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது. வேட்டிக் கறை துவைத்தால் போய்விடும் என்று மட்டும் பணிவாகச் சொன்னார். அங்காளம்மாள் துவைக்க விடவில்லை. கல்யாணத்தன்று செல்லமுத்து அந்த நீலம் நன்றாகத் தெரியும்படி மடித்துக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நேரமும் இது உங்கள் மைத்துனர்தான், எதிர்வீட்டுக்காரர்தான் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? வீட்டில் டிஞ்சர் எங்கே இருக்கிறது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியிருக்கும். தப்பில்லை. ஆனால் எடுக்கப் போகிறதற்கு முன்னால், நீங்கள் போட்டிருக்கிற சட்டைக் காலரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். மொடமொடவென்றுதானே இருக்கிறது?