வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிய கம்ப்யூட்டர்

1993-இல் மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. கையில் காசோடு மாடியேறி வந்த வாடிக்கையாளரை ஒருவர் திருப்பி அனுப்பினார்.

படத்திலிருந்து விபூதி கொட்டியது என்றால்கூட நம்பிவிடலாம். இதை எப்படி நம்புவது? மழைக்கு ஒதுங்கியவனுக்கே கைலி விற்றுவிடுகிற தெரு அது!

திருப்பி அனுப்பியவர் டாக்டர் அப்புத்துரை. எந்த வியாதிக்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. மளிகைக் கடைக்கு மேல் அவருக்கு ஓர் அறை. அறை நடுவே ஒரு கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். பக்கத்தில் கிடந்த மௌஸுக்கு முல்லைச்சரம், பிள்ளையார் வாகனமாம். உள்ளே இருப்பது 'நவக்கிரகா, வெர்ஷன் மூன்று' என்றார்கள். முதல் இரண்டு வெர்ஷன் எங்கே என்றும் யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை.

பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் போதும். உங்கள் வாழ்க்கையில் நடந்து முடிந்ததை அது அச்சடித்துக் கொடுக்கும். "மாமியாரோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை" என்று ஒருவருக்கு வந்தது. "மூத்த மகன் பரீட்சையில் தேறாததை ஊருக்கு மறைக்கிறாய்" என்று இன்னொருவருக்கு. பிரிண்டர் கிரீச்சிட கிரீச்சிட, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நடந்ததைச் சரியாகச் சொல்கிறது, அப்படியானால் நடக்கப்போவதையும் சரியாகத்தானே சொல்லும்? கூட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் நேரே மாடியேறிப் போனால் அப்புத்துரை கையெடுத்துக் கும்பிடுவார்.

"மன்னிக்கணும். நாங்க சாஃப்ட்வேர் கம்பெனி. டைரெக்டா விக்கிறதில்ல. பார்ட்னர் மூலமாத்தான். உலகத்துல பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான்லா செய்யுது."

காசை மறுப்பவர் ஞானியாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட்டம் இரட்டிப்பானது.

பார்ட்னர்கள் யார்? ஒரு முடிவெட்டும் கடை, ஒரு தையல் கடை, எல்லாவற்றுக்கும் மேலாக அதே தெருவில் நாலு கடை தள்ளிச் சேலைக் கடை வைத்திருந்த சிக்கந்தர். ஜாதகத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், "எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. கமிஷன்ல இருக்கு" என்று சிரிப்பார். பார்ட்னர் கடையில் விவரம் கொடுத்து, தே தாரிக் என்கிற ஆற்றிய டீ குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில், எல்லார் முன்னிலையிலும், பலன் வாசிக்கப்படும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை புஷ்பராணியின் பலன் வாசிக்கப்பட்டது.

புஷ்பராணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராஜா, அப்பா பேச்சைத் தட்டாத தங்கமான பிள்ளை; அதாவது, இந்த மாதிரி நேரத்தில் ஒன்றுக்கும் உதவாதவர். அப்பா விநாசித்தம்பி ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க், கோயில் கமிட்டிச் செயலாளர், பிறந்ததிலிருந்து சைவம். பொருத்தம் பார்த்துவிடுவோம் என்று அவர்தான் பெண்ணின் விவரத்தைச் சிக்கந்தரிடம் கொடுத்தார். பிரிண்டர் கிரீச்சிட்டது. அப்புத்துரை வாசித்தார்:

"இந்தக் கன்னிக்கு வாங்கிய கூறை ஒன்று திரும்பிப் போயிருக்கிறது. சனியின் வேலை. இந்தக் கல்யாணம் நிலைக்காது."

புஷ்பராணியின் அம்மாவுக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் அது உண்மை. இரண்டு வருஷம் முன்னால் தைப்பிங்கிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சளவில் வந்தது. பேச்சு முடிவதற்குள், தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அம்மா கூறைச் சேலையை வாங்கிவிட்டார். பையன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். கூறையைக் கொடுத்துவிட்டு வாயல் சேலைகளாக மாற்றிக்கொண்டார்கள். சொந்தபந்தம் ஒருவருக்கும் தெரியாது.

"நின்னுபோன சம்பந்தத்த மறைச்சிட்டீங்களே!" விநாசித்தம்பி எழுந்துவிட்டார். "இந்தக் கல்யாணம் வேண்டாம்."

புஷ்பராணி அழவில்லை. வாசித்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"மாமா, சனி பகவான் கூறை எக்ஸ்சேஞ்ச் பண்ணத எப்படிப் பார்த்தாரு? துணிக்கடைல வேலை பார்க்கிறாரா?"

"சாமி விஷயத்துல வாய் காட்டாத பிள்ளை."

"சரி மாமா. ஒண்ணே ஒண்ணு. உங்க பலனையும் அடுத்த வெள்ளிக்கிழமை பாருங்க. இந்தக் கம்ப்யூட்டர் தப்பே சொல்லாதா?"

"ஒரு எழுத்து பிசகாது!"

"பிசகினா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. விநாசித்தம்பி மீசையைத் தடவினார். "பிசகினா கல்யாணம் நடக்கும். நானே முன்னால நின்னு நடத்துவேன். போதுமா?"

போதும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புஷ்பராணிக்குப் பிழைப்பே சாஃப்ட்வேர் விற்பதுதான். கோலாலம்பூர்க் கம்பெனி ஒன்றின் கடைக்கணக்குப் புரோகிராமைப் பினாங்கில் அவள் முதலாளி பார்ட்னராக எடுத்து விற்றார். கடை கடையாக ஏறி இறங்குவது இவள். ஆகவே 'பார்ட்னர் மூலமாத்தான்' என்ற அப்புத்துரையின் பேச்சில் எல்லாரும் பிரமித்த இடத்தில்தான் இவளுக்கு நெருடியது.

அடுத்த வாரம் விநாசித்தம்பி சிக்கந்தர் கடையில் தன் விவரத்தைக் கொடுத்தார். மறுநாளே ரவிக்கைத் துணி பார்க்கும் சாக்கில் புஷ்பராணி போனாள்.

"என்னா தங்கச்சி, மொகம் வாடிக் கெடக்கு?"

"என்னத்த சொல்றதுண்ணே. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்றாதீங்க."

"ச்சே! என் வாயா?"

"எங்க மாமா ஊருக்குத்தான் சைவம். வெள்ளிக்கிழமையானா ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போயி, நாசி கண்டார் சோத்துக் கடையில ஆட்டுக்கறி. கொழம்பெல்லாம் பஞ்சிரா ஊத்தி, வெள்ளம் மாதிரி! விரல நக்கிட்டு அடுத்த ஃபெர்ரில வந்து பூசையில நிக்கிறாரு."

"யா அல்லா," என்றார் சிக்கந்தர், மிகுந்த சந்தோஷத்துடன்.

வெள்ளிக்கிழமை மாடி தாங்கவில்லை. படிக்கட்டு முழுக்கத் தலை. கோயில் கமிட்டியே வந்திருந்தது. விநாசித்தம்பி புது வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்புத்துரை சூடம் காட்டினார். பிரிண்டர் கிரீச்சிட்டது.

"நேர்மையான ஜாதகம்," என்று தொடங்கினார். விநாசித்தம்பி தலையாட்டினார். "கோயில் காரியத்தில் முன்நிற்பவர்." இன்னும் பலமாக ஆட்டினார். "ஆனால் நாக்கு ஸ்தானத்தில் ராகு. வெள்ளிக்கிழமைதோறும் ஃபெர்ரியில் கடல் கடந்து, ஆட்டு மாமிசம் உண்ணும் ரகசிய தோஷம்..."

ஆடிய தலை நின்றது.

கமிட்டித் தலைவர் சற்குணம் களுக்கென்று சிரித்தார். அவரைத் தொடர்ந்து கமிட்டி முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. ஃபெர்ரியைத் தூரத்தில் பார்த்தாலே விநாசித்தம்பிக்கு வாந்தி வரும். கடல்மேல் பாலம் திறந்த நாள் முதல் பஸ்ஸில் சுற்றித்தான் அக்கரைக்குப் போவார். கோயிலில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சேலைக் கடைக்குத்தான் தெரியாது.

"பொய்! பச்சைப் பொய்!" விநாசித்தம்பி எழுந்தார். "ஆட்டுக்கறியா? நானா? ஃபெர்ரியிலயா?"

அப்புத்துரைக்கு வேர்த்தது. "அது... சின்ன டேட்டா எண்ட்ரி மிஸ்டேக்..."

"டேட்டா எண்ட்ரி பண்ணது நான்தான் சார்," என்றது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். புஷ்பராணி. "மாமா, என்னை மன்னிச்சிருங்க. அது நான் கட்டுன கதை. சிக்கந்தர் அண்ணன் ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன். எந்தக் கெரகத்துகிட்டயும் சொல்லல. அம்மா கூறைய மாத்துனதும் அண்ணன் கடையிலதான்."

எல்லாக் கண்களும் சிக்கந்தர் மேல் திரும்பின. சிக்கந்தர் கூட்டத்தைப் பார்த்தார். அவ்வளவும் சேலை கட்டும் குடும்பங்கள். அப்புத்துரையைப் பார்த்தார். வேட்டி, அதுவும் கடனில் வாங்கியது. முடிவெடுக்க அவருக்கு நேரமாகவில்லை.

"சார்தான் போன்ல கேப்பாரு. கஸ்டமர் வீட்டு விசயம் தெரிஞ்சாதான் சர்வீஸ் நல்லா கொடுக்க முடியும், பார்ட்னர் வேலையே அதான்னாரு. நான் பேசுறத பேசுனேன். அது பிரிண்டர் வழியா வரும்னு எனக்கு எப்படித் தெரியும்லா?"

எப்படித் தெரியும், பாவம். வாரா வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவருக்கு!

"அப்ப நாங்க ஏமாத்துறவங்கன்னா," அப்புத்துரை கடைசியாக ஒரு முறை நிமிர்ந்தார், "பெரிய பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியும் பார்ட்னர் வச்சுத்தானே விக்குது? அவங்களும் ஏமாத்துறவங்களா?"

"இல்ல சார். எங்க கம்பெனி கோலாலம்பூர்ல இருக்கு. அக்கரைல சுங்கை பாக்காப் ஊர்ல ஒரு மளிகைக் கடைக்காரருக்கு மெசின் நின்னுபோனா அங்கேருந்து ஆள் வர முடியாது. அவருக்கு என்ன தேவை, எந்தப் பாஷைல சொன்னா புரியும், எத்தனை மணிக்குக் கடை சாத்துவாருன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் பார்ட்னர். ஆளத் தெரிஞ்சவங்க வேணும். நீங்க இதே தெருவுல மாடியில இருக்கீங்க. காச நீட்டுறவங்கள நாலு கடை தள்ளிப் போய்ட்டு வாங்கன்னு அனுப்புறீங்க. உங்களுக்கும் ஆளத் தெரிஞ்சவங்கதான் வேணும். ஆனா உங்களுக்கு அவங்க விக்கிறது சாஃப்ட்வேர் இல்ல. எங்க வீட்டுக் கதை."

சொல்லிவிட்டு நேரே போய் மௌஸின் முல்லைச்சரத்தைக் கழற்றி வைத்தாள். இரண்டு மூன்று விசைகளைத் தட்டினாள். பட்டை போட்ட திரையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிரகம்கூட இல்லை. ஆபீஸ்களில் கடிதம் அடிக்கிற சாதாரணப் புரோகிராம். அதில் ஆட்டுக்கறி தோஷம் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது, இரண்டு எழுத்துப் பிழையோடு.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது டாக்டரைக் காணோம். பின்படிக்கட்டில் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. வெர்ஷன் நான்கை இப்போது எந்த ஊரில் விற்கிறாரோ.

விநாசித்தம்பி வாக்குத் தவறவில்லை. பந்தல்கால் நட்டதிலிருந்து பந்தி வரை முன்னால் நின்றார். கூறையைச் சிக்கந்தர் கடையில்தான் எடுத்தார்கள். ரகசியத்தை விற்றவர் என்பதைச் சொல்லிச் சொல்லியே புஷ்பராணியின் அம்மா விலையைப் பாதியாக்கினார். சிக்கந்தர் அழுவதுபோல் நடித்துக் கொடுத்துவிட்டு, மறக்காமல் எச்சரித்தார்: "இந்தத் தடவ எக்ஸ்சேஞ்ச் இல்லக்கா."

ஒரு வருத்தம் மட்டும் மிச்சம். கண்ணெதிரே எல்லாம் உடைந்த பிறகும், கமிட்டியில் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை பூசையில் விநாசித்தம்பி பக்கத்தில் வந்து, அவர் கையை மெல்ல மோந்து பார்க்கிறார்களாம். "இருந்தாலும் கம்ப்யூட்டர்ல வந்துச்சே" என்று.

ஐயா, பெரியோர்களே! நாளைக்கு ஏதாவது ஒரு பெட்டி உங்கள் வீட்டு ரகசியத்தைப் புட்டுப் புட்டு வைத்தால், வானத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். நேற்று யார் கடையில் தே தாரிக் குடித்தோம் என்று யோசியுங்கள். யோசிப்பதற்குப் பார்ட்னர் தேவையில்லை. நேரடியாகவே செய்யலாம்.