குறுவண்டிப் பேரவைத் தலைவரின் விழுப்புரம் பயணம்

மனிதகுலம் மேற்கொண்ட மாபெரும் பயணங்களை வரிசைப்படுத்தினால், கடல் கடந்தவர்கள் முதலில் வருவார்கள், நிலவுக்குப் போனவர்கள் அடுத்து வருவார்கள், மதுரையிலிருந்து குறுவண்டியில் புறப்பட்ட அழகுபாண்டியாகிய நான் அதற்கும் அடுத்து வருவேன். எங்கு போனாலும் சற்றுத் தாமதமாக வருவது என் வழக்கம் என்பதால், மூன்றாம் இடத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கிறேன்.

என் கார் மிகச் சிறியது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நிறுத்தினால் கூடைக்காரர்கள் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு இதைவிடப் பெரிய வண்டி வாங்க வக்கில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் உண்மைக்கும் தத்துவத்துக்கும் சம்பந்தமில்லை. 'சிறிய வண்டி, பெரிய உலகம்' என்ற கோட்பாட்டை நாடெங்கும் பரப்ப 'குறுவண்டி நெடும்பயணப் பேரவை'யைத் தொடங்கி, கடும் போட்டி எதுவுமின்றித் தலைவரானேன். செயலாளர் ராம்கி. அவனுடைய குறுவண்டி பட்டறையிலேயே நிற்பதால் கூட்டத்துக்கு பைக்கில் வருவான்.

பேரவையின் முதல் கூட்டம் டீக்கடை பெஞ்சில் கூடியது. வரலாற்றுச் சிறப்புமிக்க இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. பின்சீட்டு முழுவதும் 'பாதுகாப்பு உபகரணங்களுக்கு' ஒதுக்கப்படும். அதாவது மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு, கேமரா ஸ்டாண்டு, கூடாரம், இழுவைக் கயிறு. அடுத்து, மைலேஜ் கருதி முன்சீட்டில் ஆள் யாரும் ஏறக்கூடாது.

ராம்கி வடையைக் கீழே வைத்தான். "அண்ணே, அப்ப அண்ணி எதுல வருவாக?"

"பஸ்ல. கொள்கைக்காக அவளும் எதாச்சும் செய்யணும்ல."

என் மனைவி தாமரைச்செல்வி அன்றிலிருந்து மூன்று வருடமாகச் செய்துவருகிறாள். நான் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் 'சாகசப் பயணம்' போனபோதெல்லாம், அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய், அறை எடுத்து, எனக்கு வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் அவளை 'முன்னணிப் படை' என்று பாராட்டி எழுதியிருக்கிறேன். அவள் அந்தக் குழுவில் இல்லை.

இந்த நிலையில்தான் என் தங்கை சரண்யாதேவியின் மகள் திவ்யாவுக்குக் காதுகுத்து வந்தது. தங்கை வாக்கப்பட்ட குடும்பம் விழுப்புரத்தில் குடியேறிவிட்டது. ஊருக்கு வெளியே ஓர் ஐயனார் கோயில், வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும் முன் காது குத்தியாக வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் வரவில்லை என்றால், பிறந்த வீட்டில் நாதியில்லாதவள் என்ற பேச்சு தங்கைக்கு ஆயுசுக்கும் ஓயாது. அவளுக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான்.

சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாமரைச்செல்வி முதல் நாளே பஸ் ஏறினாள். மிச்சம் இருந்தது மாமன் சீரில் முக்கியமான கிடாய். அதைக் கண்டக்டர் ஏற்ற மாட்டார். ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு நீங்களும் என்னோடு பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று கிளம்பும் முன்பே சொல்லிப் பார்த்தாள். பேரவைத் தலைவர் பஸ்ஸில் போவதா?

விடியும் முன்னே புறப்பட்டுக் கொட்டாம்பட்டிக்குப் போனேன். கிடாய் வளர்த்த கூட்டாளி சிவனாண்டி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"மாப்ள, வண்டியே இம்புட்டுத்தான் இருக்கு. கெடாய எங்கிட்டு ஏத்துவ?"

"முன்சீட்டுல."

"அதுல பொண்டாட்டியே ஏறக்கூடாதுன்ன?"

"ஆள் ஏறக்கூடாதுன்னுதான் தீர்மானம். ஆட்டப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல."

சிவனாண்டி அதற்குமேல் சட்டம் பேசவில்லை. கிடாயை உட்கார வைத்தோம். அதன் பாதுகாப்பில் அக்கறை கொண்டு பெல்ட்டும் மாட்டிவிட்டேன்.

பயணம் மாட்சிமையோடு நடந்தது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் இறங்கி, கேமரா ஸ்டாண்டை நட்டு, வண்டியோடு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ராம்கி ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டான். விராலிமலைப் பக்கம் கிடாய் கியர் தடியை நக்கத் தொடங்கியது. பெரம்பலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர்கள் ஆட்டைப் பார்க்க வந்தவர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. குறுவண்டிக் கோட்பாட்டை விளக்கி நீண்ட உரை நிகழ்த்தினேன். மைலேஜ் பற்றிப் பேசும்போது தங்கை போனில் வந்தாள்.

"அண்ணே, எங்க வந்துக்கிட்டிருக்கீக? எங்க மாமியா வீட்டுச் சனம் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிது."

"வந்துட்டேன்த்தா, பக்கத்துலதான் வாரேன்" என்றேன். பெரம்பலூருக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தால் முழு உண்மையாக இருந்திருக்கும்.

அவள் குரல் உடைந்திருந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு உரையை முடித்துக்கொண்டுதான் கிளம்பினேன். கிடாய் மறுபடி ஏற மறுத்ததில் இன்னும் கொஞ்சம் நேரம் போனது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகு காலம் எனக்கு முன்பே வந்திருந்தது. திவ்யா காதில் புதுத் தோட்டோடு, அழுது ஓய்ந்த முகத்தோடு மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். நடந்ததைத் தங்கையின் மாமியார் அன்னக்கொடியம்மா சொன்னார். நேரம் நெருங்க நெருங்க உறவுக்காரர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். தங்கை அழுதிருக்கிறாள். அப்போது தாமரைச்செல்வி மணையில் போய் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். மாமன் மடிதானே முறை என்று அன்னக்கொடியம்மா கேட்டதற்கு, "மாமன் வீட்டுச் சீரை நாந்தான் சொமந்துக்கிட்டு வந்தேன். மாமன் வீட்டு மடியும் இதுதான். குத்தச் சொல்லுங்க" என்றாளாம்.

தங்கை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாமரைச்செல்வி மட்டும் வண்டியருகே வந்து முன்சீட்டைப் பார்த்தாள்.

"பெல்ட்டெல்லாம் போட்டு விட்டிருக்கீக" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பேரவைத் தலைவருக்கு அல்ல, எனக்கு.

அடுத்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். பேசி வைத்த வேன் ஒரு நடை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தங்கையின் கணவர் மலையாண்டி என்னிடம் சாவியை வாங்கினார். கிடாயை இறக்கி என் கையில் கொடுத்தார். பின்சீட்டிலிருந்த பாதுகாப்பு உபகரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மரத்தடியில் அடுக்கினார். தாமரைச்செல்வி முன்னால் ஏறினாள், மடியில் திவ்யா. பின்னால் அன்னக்கொடியம்மா, தங்கை, இன்னும் ஒரு பெரியம்மா. காலடியில் சீர்த்தட்டுகளும் அடங்கின. நான் எச்சரிக்கை செய்ய வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மேட்டில் ஏறும்போது ஒரு முனகல்கூட இல்லை. உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. என் வண்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் கிடாயைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நின்றேன். பூசாரி நடையைச் சாத்திவிட்டு வந்தார். என்னையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆட்டு வியாபாரிங்களா? அந்தக் குட்டிக் கார்ல ஆடு மட்டுந்தான் ஏத்துவீங்களா?"

"இல்லங்கய்யா" என்றேன். "ஒரு குடும்பமே போகலாம். இப்பத்தான் நானே பாத்தேன்."