எக்ஸ்ரே அண்ணன் எழுதிய பரீட்சை

இரும்பும் இரும்பும் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று யார் சொன்னாலும் நம்பாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் எக்ஸ்ரே அண்ணன்தான். பாலம், பஸ், கட்டில், கல்யாண மண்டபத்து நாற்காலி எதுவானாலும் சரி, அது இன்னும் பிரிந்து விழாமல் இருப்பது தற்செயல் என்பதே அவருடைய கட்சி.

போத்தனூரில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் ஆபீஸ். வளைகுடா நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வெல்டர் வேண்டுமென்றால் ஏஜெண்டுகள் ஆட்களை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் சோதித்துப் பார்த்து, தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்போம். சான்றிதழ் அடிப்பது நான். யாருக்கு அடிக்கலாம் என்று சொல்வது எக்ஸ்ரே அண்ணன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முதலாளிக்கே அது மறந்துபோயிருந்தது.

எங்கோ பாலைவனத்தில் புதிதாக ஒரு சுத்திகரிப்பு ஆலை எழும்பினால், அடுத்த மாதமே எங்கள் முக்கு டீக்கடைக்காரர் இன்னொரு பாய்லர் வாங்கிவிடுவார். எண்ணெய் ஆலை என்பது பாதிக்கு மேல் குழாய்தான். குழாயைக் குழாயோடு சேர்க்க ஆள் வேண்டுமே! பம்ப்செட் பட்டறை, மில் மெஷின் பட்டறை, லாரிக்குப் பாடி கட்டுகிற இடம் என்று கோவையைச் சுற்றி வெல்டிங் ராடு பிடித்த அத்தனை பேரும் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கொடுமுடியில் மொட்டை போட்டுவிட்டு, தலையில் சந்தனம் காயாமல் நேராக டெஸ்ட்டுக்கு வந்தார்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இரண்டு குழாய்த் துண்டுகளைச் சாய்வாகப் பிடித்து இறுக்கிவிடுவோம். குழாயைத் திருப்பக்கூடாது. ஆள்தான் சுற்றி வந்து, நின்று, குனிந்து, அடியில் புகுந்து அண்ணாந்து பார்த்து ஒட்ட வேண்டும். வெளியே பார்க்க வழவழவென்று இருந்தால் போதாது. வெளியில் ஒரு லேபுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுப்போம். மறுநாள் பிலிம் வரும். உள்ளே ஓட்டையோ இடைவெளியோ இருந்தால் அதில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிலிமைப் பார்க்க ஆபீசில் விளக்குப் பெட்டி இருந்தது. அண்ணன் அதை நம்பமாட்டார். ஜன்னலில் சூரியனுக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் சர்ச்சுக்குப் புது கேட் போட்டபோது, மந்திரிப்புக்கு என் அழைப்பில் அவரும் வந்தார். பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கிறார். இவர் கீலுக்குப் பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்து, சாவியால் தட்டித் தட்டிக் காதுகொடுத்துக் கேட்கிறார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் கொழந்தைங்கள இதும்மேல ஏறி ஆட விடாதீங்க" என்றார், கும்பிட்டபடியே. பாதருக்கு அடுத்த ஜெபம் மறந்துபோயிற்று.

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க கோபிசெட்டிபாளையம் போய்விட்டு வந்தவரிடம், "எப்படீங்கண்ணா, பையன் வீடு?" என்று கேட்டேன்.

"பையன் தங்கமுங்க. தோப்பு, வயல் எல்லாம் இருக்குதுங்க. ஊட்டு ஜன்னல் கம்பிதான் நெம்ப மோசமுங்க, அம்மணி."

கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஜன்னல் கம்பி மாறியது. மாற்றிக் கொடுத்தது இவர்தான், மெஷினோடு போய்.

அவரிடம் இன்னொரு தொல்லையும் உண்டு. யாரையும் பெயில் என்று சொல்ல வாய் வராது. கொங்கு நாட்டு மரியாதை அவருக்கு எலும்புவரை ஊறியிருந்தது. ஒருமுறை தேறாத ஒருவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "கண்ணு, நெம்ப அருமையா செஞ்சிருக்கறீங்க. கை சுத்தமா இருக்குதுங்க. இன்னுங் கொஞ்ச நாள் பழகுனீங்கன்னா உங்கள அடிச்சுக்க ஆளே இல்லீங்க. ஊட்டுக்குப் போயி அம்மா கையில சோறு தின்னுபோட்டு நிதானமா வாங்க" என்று அனுப்பினார். அந்த மனிதர் நேராக ஊருக்குப் போய், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டு வழியனுப்பு விழா நடத்திவிட்டார். பெட்டியோடும் கழுத்தில் மாலையோடும் எங்கள் கொட்டகைக்கு வந்து, "பிளைட் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டபோது அண்ணன் பின்பக்கமாக நழுவி டீக்கடைக்குப் போய்விட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தது நான்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. பாராட்டுவது அவர். "பெயிலுங்க" என்று சொல்வது நான். பல ஊர்களில் என்னை ராட்சசி என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை பேரைக் கப்பலேற்றாத குறையாக அனுப்பிவைத்தவர், தான் மட்டும் போனதில்லை. பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புதுப்பித்திருந்தார். அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. முதல் தடவை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அடுத்த தடவை ஏஜெண்ட் காணாமல் போய்விட்டான். அப்புறம் இந்தக் கொட்டகை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆசை மட்டும் போகவில்லை.

"ஒரேயொரு தடவ அம்மணி, நா ஒட்டுன கொழாயில எண்ணெ ஓடறதப் பக்கத்துல நின்னு பாக்கோணும். நானும் துண்டு துண்டா வெட்டுன கொழாயவே ஒட்டிப்போட்டு இருக்கறேன். ஒண்ணுலயாச்சும் ஒரு சொட்டு எதாச்சும் ஓடியிருக்குதுங்களா?"

கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு ஆலையை விரிவாக்குகிறார்கள், குழாய் வெல்டர் நாற்பது பேர் உடனே வேண்டும் என்று கம்பெனி தன் ஆளையே நேரில் அனுப்பியது. பாலக்காட்டுக்காரர், வளைகுடாவிலேயே தலை நரைத்தவர். பத்து நாள் சல்லடை போட்டுச் சலித்தும் முப்பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பாலக்காட்டுக்காரர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனைக் காட்டி, "இவரு இருக்காருல்ல?" என்றார்.

அண்ணன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். ஐம்பதை நெருங்குகிறவர் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

அன்று மதியம் கொட்டகையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. வெல்டர்கள், டீக்கடைக்காரர், முதலாளி எல்லோரும் சுற்றி நின்றோம். அண்ணன் குழாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார். முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கியபோது கைதட்டல். பாலக்காட்டுக்காரர் விரலால் தடவிப் பார்த்து, "இதுக்கு எக்ஸ்ரேயே வேண்டாம். பாஸ்" என்றார்.

"அதெப்படீங்க?" என்றார் அண்ணன். "எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தானுங்களே."

மறுநாள் பிலிம் வந்தது. பாலக்காட்டுக்காரர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, மறுபடி "பாஸ்" என்றார். நான் சான்றிதழில் பெயர் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் பிலிமை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. நெடுநேரம் கழித்து, "சார், இங்க கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்.

குழாயின் அடிப்பக்கம், அண்ணாந்து பார்த்து ஒட்டுகிற இடத்தில், தலைமயிரில் பாதி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அடியில் இரும்பு சரியாகச் சேரவில்லை. பாலக்காட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் தோளில் கைவைத்து, "நீங்க சொல்லாட்டி நான் பாத்திருக்க மாட்டேன்" என்றார். கம்பெனி சட்டப்படி தவறியவர் மறுபடி பரீட்சை எழுத ஒரு மாதம் ஆக வேண்டும். விமானமோ அடுத்த வாரம். நாற்பதாவது ஆளை வேறு ஊரில் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லோரும் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? அவரே பாஸுன்னு சொல்லிப்போட்டாரு. நீங்க எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

அவர் கையுறையை மடித்து வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "அதுக்குள்ள ஓடறது தண்ணி இல்லீங்க, அம்மணி. சுட்டுப் பொசுக்கற எண்ணெ. பக்கத்துலயே நம்ம பசங்க முப்பத்தொம்போது பேரு நிப்பாங்க. நா ஒட்டுன எடம் விட்டுப்போட்டா, அவிங்க ஊட்டுக்கு யாருங்க போயிச் சொல்றது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஒரு மாதம், டெஸ்ட் முடிந்த பிறகு தினமும் சாயங்காலம் மீந்த துண்டுகளை எடுத்து வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் ஒட்டிப் பழகினார். கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தடவிக்கொண்டு மறுபடி ஒட்டினார். வேறொரு கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது மறுபடி பரீட்சை எழுதினார். இந்தமுறை பிலிமை ஜன்னலில் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் என் மேஜைமேல் வைத்துவிட்டு, "பரவால்லீங்க" என்றார். அவர் வாயிலிருந்து உண்மையாக வந்த பாராட்டு என்று நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

பத்து வரிச் சான்றிதழ். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்தது. அன்றைக்கு அவர் பெயரில் ஒரு தப்பு விட்டேன், பாஸ்போர்ட் நம்பரில் ஒரு தப்பு விட்டேன், தேதியை மாற்றிப் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பிரிண்டர் மக்கர் பண்ணுதுங்களா?"

"ஆமாங்கண்ணா" என்றேன்.

பிரிண்டருக்கு ஒன்றுமில்லை. அடித்துக் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார்.