ஹெல்வி கூப்பிடாத ஞாயிறு

ஆர்வோ பனியில் மல்லாந்து கிடந்தார். வலது காலின் சறுக்குப்பலகை இடது காலின் பலகைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எந்தக் காலை முதலில் எடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, சின்னப் பிள்ளைகள் பதினொரு பேர் வரிசையாக அவரைச் சுற்றிக்கொண்டு சர்ர்ரென்று சறுக்கிப் போனார்கள்.

"டீச்சர், இந்தத் தாத்தா செத்துட்டாரா?"

"இல்லடா, ஓய்வெடுக்கிறார். தொந்தரவு பண்ணாம வா."

"ஓய்வெல்லாம் எடுக்கலம்மா!" ஆர்வோ படுத்தபடியே குரல் கொடுத்தார். "பிள்ளைங்க ரொம்ப நெருக்கிப் போறாங்க. முன்னாடி போறவங்ககிட்டேருந்து மூணு செகண்ட் இடைவெளி விடணும்!"

முப்பத்தோரு வருஷமாக அந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஆர்வோ. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் மிச்சம் பிடித்து வைத்த பேச்சை அவர் ஒருவரே செலவழித்துக்கொண்டிருந்தார். சூப்பை எப்படிக் கிளற வேண்டும், துணியை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும், கதவை எவ்வளவு அழுத்திச் சாத்த வேண்டும் என்று வீட்டிலும் வகுப்பு நடந்தபடியே இருக்கும். அந்த வகுப்புக்கு ஒரே மாணவி, மனைவி ஹெல்வி.

அந்த ஹெல்விக்காகத்தான் இப்போது பனியில் கிடந்தார்.

பனி விழத் தொடங்கிவிட்டால், ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹெல்வி பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "காட்டுப் பாதைக்குப் போறேன். வர்றீங்களா?" பதினோரு குளிர்காலமாக அதே கேள்வி. முழங்கால் வலி, டிவியில் ஐஸ் ஹாக்கி, ஈரப் பனி, காய்ந்த பனி என்று ஆர்வோவிடம் பதில் மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு அவள் கேட்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டு ஆர்வோ காப்பிக் கோப்பையோடு ஓடி வந்து பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, அதைச் சொல்ல ஆளில்லை. அவ்வளவு நாள் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்ன 'இல்லை' எல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒன்றரை மணிக்கு அவள் வீடு திரும்பினாள். கன்னம் சிவந்து, முகம் தெளிந்து, புதுப்பெண் மாதிரி இருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

கொழுப்பு கூடியிருக்கிறது, குளிர்காலத்திலும் உடம்பு வியர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று அந்த ஞாயிறுக்கு முன்பே டாக்டர் வேறு சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஆர்வோ சறுக்குப்பலகைக் கடைக்குப் போனார்.

"தடத்துல கால் வச்சுப் போற பழைய முறையா, இல்ல, காலை விரிச்சு உந்தித் தள்ற ஸ்கேட் முறையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எதுல சீக்கிரம் வியர்க்கும்?"

"ஸ்கேட்ல. கத்துக்கறதுக்குள்ளேயே வியர்த்துடும்."

இன்று சனிக்கிழமை, ஒரு மாணவருக்கு வகுப்பு என்று ஹெல்வியிடம் பொய் சொல்லிவிட்டுக் காட்டுப் பாதைக்கு வந்திருந்தார். இன்று பழகிக்கொண்டு நாளைக் காலை வாசலில் அவளுக்கு முன்னால் தயாராக நிற்க வேண்டும். அதுதான் திட்டம்.

எழுந்திருக்க ஒரே வழி பலகையைக் கழற்றுவதுதான் என்று முடிவு செய்து, வலது பலகையின் பூட்டை அழுத்தினார். கழன்ற பலகை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு தானாகவே சரிவில் புறப்பட்டுப் போய்விட்டது.

"ஏய், நில்லு!"

நிற்குமா? இன்னொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் காலோடு அதன் பின்னால் ஓடினார். இயந்திரம் விடியற்காலையில் சமன்படுத்திய பாதையில் அடிக்கு ஒரு பள்ளம் விழுந்தது.

எதிரே வந்த இளம்பெண் சட்டென்று நின்றாள். "பாதையில யாருங்க நடக்கிறது? கண்ணு தெரியல? ஐயோ, ஆர்வோ சாரா?"

மின்ட்டு. நான்கு வருஷத்துக்கு முன் அவரிடம் கார் பழகியவள்.

"மன்னிச்சுக்கம்மா. ஓரமாப் போயிடறேன்."

"அங்க கால் வைக்காதீங்க சார்! அது பழைய முறைக்காரங்க தடம்!"

அதற்குள் வைத்துவிட்டார். செதுக்கி வைத்தது மாதிரி இருந்த இரட்டைத் தடம் இருபதடி நீளத்துக்கு மாவாகிப் போயிருந்தது. பின்னால் வந்த பெரியவர் தடத்தைப் பார்த்தார், ஆர்வோவைப் பார்த்தார், மறுபடி தடத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஆர்வோவுக்கு இருந்தது.

நடந்தால்தானே பள்ளம் விழுகிறது என்று நினைத்து, கையிலிருந்த ஒற்றைப் பலகையை மாட்டிக்கொண்டார். மற்ற காலைத் தூக்கியபடி மெதுவாக ஓர் உந்து உந்தினார்.

"சார், அந்தப் பக்கம் வேணாம்! அது ஒன்வே!"

முப்பத்தோரு வருஷம் எத்தனை பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை! சரிவு அவரை வாரி எடுத்துக்கொண்டது. எதிரே ஏறி வந்தவர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள்.

"வலது பக்கம் ஒதுங்குங்க! வலது பக்கம்! உங்க வலது இல்ல, என் வலது!"

பிரேக் எங்கே என்று கால் தேடியது. சரிவின் அடியில் காட்டுக் காப்பிக் கடை. அதன் முன்னால் நெருப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை மயிரிழையில் தவிர்த்து, விறகுக் குவியலில் போய் மோதி, அதன் மறுபக்கம் விழுந்தார். வழியில் ஒரு சாசேஜ் அவருடைய கழுத்துக் குட்டைக்குள் போயிருந்தது.

ஓடிப்போன பலகையைத் தூக்கிக்கொண்டு மின்ட்டு வந்து சேர்ந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இன்னும் ரோட்டுக்குத் தயாராகல சார். இன்னும் பத்து வகுப்பு எடுத்துக்குங்க," என்று அவருடைய குரலிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

கடைக்காரி ரைலி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் கொடுத்தாள். அறுபது வயதுக்காரி. எதற்கும் அசராத முகம். ஆர்வோவை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த வயசுல எதுக்குங்க இந்த வேலை?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஆர்வோ அரை மணி நேரம் பதில் சொல்வார். இன்று நாலே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் ரொம்ப நாளா என்னைக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. நான் வரல. இப்பக் கூப்பிடறதை நிறுத்திட்டாங்க." பன்னில் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். "ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கலாம்."

ரைலி அவருடைய முதுகில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். அவள் மனம் இளகிவிட்டது.

"அதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. கூப்பிடறவங்க எல்லாம் நிஜமாவா கூப்பிடறாங்க? ஹெல்வின்னு ஒரு அம்மா ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்க. பலகையை வெளியில சாத்திட்டு, இதே அடுப்போரமா உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டே குறுக்கெழுத்து போடுவாங்க, ஒரு மணி ஆனா வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. போன ஞாயிறு வந்தப்ப, 'எப்பவும் அவரை ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டுத்தான் வருவேன் ரைலி, ஆனா இந்த வாரம் டாக்டர் அவரை உடற்பயிற்சி பண்ணச் சொல்லிட்டார், எங்க கிளம்பி வந்துடுவாரோன்னு பயந்து கூப்பிடாமலே ஓடி வந்துட்டேன்'னாங்க!"