நரி என் பக்கம் வருவதே இல்லை

ஒகாயாமா,
ஜூலை 9

பெருமதிப்புக்குரிய தொஷிகோ அக்கா அவர்களுக்கு, தம்பி ஷிகெஹாரு தலைதாழ்த்தி எழுதுவது. மழைக்காலம் இதோ கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நிற்கும் இந்நாளில், அகிதாவில் தாங்களும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் கிடைத்தது. பெரும்பகுதியை மாப்பிள்ளை தின்றுவிட்டார்.

பேரப்பிள்ளைகள் 'தனுக்கித் திருவிழா' வீடியோ கேமின் பதினான்காம் பாகம் கேட்டு அடம்பிடிக்கிறார்கள், புதுசாக ஏதாவது இருக்கிறதா, அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கவே வாங்காதீர்கள். குட்டி விளையாட்டு நூறு என்று பெட்டியில் போட்டிருக்கிறான். உள்ளே அதே பகடை, அதே பொன்மணி, கோயில் கட்டத்தில் போய் நின்றால் யாருடைய மணியைத் திருடட்டும் என்று கேட்கிற அதே நரி. அந்த நரியில்தான் அக்கா விஷயமே இருக்கிறது. முதல் பாகம் வந்தபோது என் மகள் சினாட்சுவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக என் மனைவி ஃபுமியே நரியை என்மேல்தான் ஏவுவாள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் என் மணியைத் திருடினாள் என்றால், கோபம் தணிந்தது என்று புரிந்துகொள்வேன். இப்போது சினாட்சுவைக் கட்டிய ரியோஹெய் ஞாயிறுதோறும் வருகிறாரா, நரி முழுக்க அவர் பக்கம்! "மாப்ள, மாட்னீங்களா! எடுங்க மணியை!" என்று இவள் கத்த, "ஐயோ அத்தை, போன வாரமும் என்கிட்டயேதானே!" என்று அவர் சிணுங்க, ரெண்டு பேருக்கும் சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. என்கிட்ட ஒன்பது மணி இருந்துச்சு அக்கா. வேணும்னே இருமிப் பார்த்தேன், சத்தமா எண்ணிக் காட்டினேன். சினாட்சுகூட, "அம்மா, அப்பாகிட்டதான் நிறைய இருக்கு, அவர்கிட்ட எடு"ன்னா. அதுக்கு இவ, "அவரை விடுடி, பாவம், இப்பதான் ரிட்டயர் ஆயிருக்காரு" அப்படின்னுட்டா. நாலு வாரமா நான்தான் ஜெயிக்கிறேன். இதைவிட அவமானம் உண்டா? திரையில எனக்குப் பூமாரி பொழியுது, இவங்க ரெண்டு பேரும் திருட்டுக் கதை பேசிக்கிட்டு இருக்காங்க. பொறாமைன்னே வச்சுக்கோங்க, எனக்கு வயிறு எரியுது.

ஆகவே விளையாட்டு சலித்துப்போய்விட்டது என்பதே என் தீர்ப்பு. குழந்தைகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். வெயில் ஏறப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஷிகெஹாரு

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப்போன ஃபுமியே கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். இன்று மத்தியானம் ஆறு தடவை நரியை என்மேல் ஏவி, கடைசி மணிவரை பிடுங்கிக்கொண்டு, "இப்ப குளுந்துச்சா?" என்று கேட்டாள். நான்தான் கடைசி இடம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். விளையாட்டு புத்தம் புதுசாக இருக்கிறது, இன்றைக்கே வாங்குங்கள். மாப்பிள்ளைதான், "அத்தைக்கு என்மேல ஏதாச்சும் கோபமா?" என்று சினாட்சுவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கட்டும், அவர் வந்து இரண்டு வருஷம்தானே ஆகிறது.